நின்ற இடத்தில் உயரம் கூடுமா?

கேள்வி: காற்றழுத்தத்தைக் கொண்டு உயரம் காட்டும் செயலி என் கைபேசியில் உள்ளது. மண்டபம் கடற்கரையில் ஒரே கல்லின்மேல் வைத்துப் பார்த்தபோது, காலை 10 மணிக்குக் காட்டியதைவிட மாலை 4 மணிக்கு ஏறத்தாழ 25 மீட்டர் கூடுதலாகக் காட்டியது. கருவி பழுதா? எஞ்சின் இல்லாமல் பறக்கும் கிளைடர்களின் விமானிகளும் இம்முறையைத்தான் நம்புகிறார்களாமே?
– ஒரு வாசகர், மண்டபம்

பதில்: கைபேசியில் பழுதில்லை; காற்றழுத்தம்தான் இறங்கியிருக்கிறது. நம்மைப் போன்ற வெப்பமண்டலப் பகுதிகளில், சூரிய வெப்பத்தால் எழும் வளிமண்டல அலையின் காரணமாக, காற்றழுத்தம் காலை 10 மணியளவில் உச்சத்தையும் மாலை 4 மணியளவில் தாழ்வையும் நாள்தோறும் தொடுகிறது. இரண்டுக்கும் இடையே 3 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு வேறுபாடு இருக்கும். கடல்மட்டத்தருகே ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால், சுமார் 8 மீட்டர் மேலே ஏறிவிட்டதாகக் கருவி கணக்கிடும். உங்கள் 25 மீட்டர் அப்படி வந்ததுதான்.

கிளைடரின் உயரமானிக்குள், காற்றை நீக்கி அடைத்த, நெளிநெளியான மெல்லிய உலோகச் சிமிழ் ஒன்று இருக்கிறது. 1844-இல் பிரான்சின் லூசியன் விடி உருவாக்கிய திரவமில்லாக் காற்றழுத்தமானியின் வழிவந்தது அது. மேலே செல்லச் செல்ல வெளியழுத்தம் குறைவதால் சிமிழ் மயிரிழை அளவு உப்ப, அந்தச் சிறு அசைவை நெம்புகோல்களும் பற்சக்கரங்களும் பெருக்கி முள்ளைச் சுழற்றுகின்றன. விமானி புறப்படுமுன் திருகைத் திருப்பி, அன்றைய அழுத்தத்துக்கு ஏற்ப முள்ளைச் சரிசெய்துகொள்கிறார். காலையில் சரிசெய்துவிட்டு மாலையில் இறங்குபவருக்கு, உங்கள் கைபேசியைப் போலவே, உள்ளதைவிடக் கூடுதல் உயரம் தெரியும். தரை நெருங்கிய பிறகும் உயரம் மிச்சமிருப்பதாக நம்பவைப்பதால், இது ஆபத்தான பிழை. எனவே, தரையை நெருங்கும்போது முள்ளைவிடக் கண்ணையே நம்பும்படி பயிற்சியளிக்கிறார்கள்.

எஞ்சின் இல்லாத கிளைடருக்கு உயரத்தைவிட ஏற்றஇறக்கமே பெரிய செய்தி. அதற்கு வேரியோமீட்டர் என்ற கருவி உண்டு. அதன் பழைய வகையில், காப்பி ஃபிளாஸ்க் போல வெப்பம் புகாத குடுவை ஒன்று இணைந்திருக்கும். கிளைடர் ஏறினால் குடுவைக் காற்று வெளியேறும், இறங்கினால் உள்ளே புகும். அந்த ஓட்டத்தின் வேகத்தை முள் காட்டும்.

நீங்களே சோதிக்க விரும்பினால், கரையில் ஒரு முறையும், சில நிமிடங்களுக்குள் பாம்பன் சாலைப் பாலத்தின் நடுவில் ஒரு முறையும் அளந்து, வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பாலத்தில் காற்று பலமாக வீசும். நொடிக்கு 10 மீட்டர் வேகக் காற்று, கைபேசியில் அழுத்தத்தை அளக்கும் உணரியின் துளையில் நேராக மோதினால், 5 மீட்டர் வரை குறைத்துக் காட்டக்கூடும். கிளைடரில், வெளியழுத்தத்தை உயரமானிக்குக் கொண்டுசெல்லும் துளைகளைக் காற்று நேராக மோதாத பக்கவாட்டில் வைப்பதும் இதனால்தான்.