வாசகர் கேள்வி – பதில்: பள்ளி இறுதியாண்டு மாணவியின் நான்கு கேள்விகள்

பள்ளி இறுதியாண்டில் படிக்கும் மாணவி ஒருவர், தொழில்நுட்பம், விளையாட்டு, செய்தி, தொண்டு ஆகியவற்றைப் பற்றித் தம் எண்ணங்களை விரிவாக எழுதி அனுப்பியிருக்கிறார். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கடிதத்தில் அவர் எழுப்பியிருந்த நான்கு கேள்விகளைச் சுருக்கி, விடைகளுடன் இங்கே தருகிறோம்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் கட்டுரையும் பாடச் சுருக்கமும் நொடியில் வந்துவிடுகின்றன. வகுப்பில் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். பயன்படுத்தினால் ஏமாற்றுவது போலிருக்கிறது. பயன்படுத்தாவிட்டால் பின்தங்கிவிடுவேனோ என்று அச்சமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: வீட்டுப்பாடத்தில் எந்தப் பகுதி உங்களுக்குப் பயன் தருவதற்காகவே வைக்கப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கட்டுரை எழுதச் சொல்லும் ஆசிரியருக்கு உங்கள் கட்டுரையால் ஆகவேண்டிய காரியம் எதுவும் இல்லை. அதை எழுதும்போது உங்கள் மனம் படும் பாடுதான் அவர் எதிர்பார்ப்பது. 2006ஆம் ஆண்டு ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு இதற்கு நல்ல சான்று. ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் படித்தவர்கள் ஒரு பக்கம், ஒருமுறை படித்துவிட்டுப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் மறு பக்கம். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழானது. ஆயத்தச் சுருக்கத்தைப் படித்ததும் ‘எல்லாம் புரிந்துவிட்டது’ என்று தோன்றுகிறதே, அந்தத் தெளிவை நம்பிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எச்சரிக்கை எனக்குத் தெரியவில்லை.

எனவே, முதல் வரைவை நீங்களே எழுதுங்கள். அதன்பிறகு அந்தச் செயலியிடம் கொடுத்து, ‘என் வாதத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது, எந்த எதிர்க்கேள்விக்கு நான் விடை சொல்லவில்லை’ என்று கேளுங்கள். அது சொல்லும் தகவலை மட்டும் சரிபார்க்காமல் ஏற்காதீர்கள். அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்பதைக் கணித்துக் கணித்தே இத்தகைய செயலிகள் வாக்கியங்களை உருவாக்குகின்றன என்பதால், இல்லாத நூலையும் நடக்காத நிகழ்ச்சியையும் தயக்கமின்றிச் சொல்லிவிடும். பள்ளியின் விதி எதை அனுமதிக்கிறது என்பதையும் ஆசிரியரிடமே நேரில் கேட்டுவிடுங்கள். கேட்டுச் செய்வதில் ஏமாற்று இல்லை.

கேள்வி: பள்ளிக் கைப்பந்து அணியில் ஆடுகிறேன். இதையே தொழிலாகக் கொள்ளும் அளவுக்குத் திறமை இல்லை என்பது எனக்குத் தெரியும். இறுதியாண்டு என்பதால் நிறுத்திவிடச் சொல்கிறார்கள். நிறுத்தலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம், வேண்டுமானால் குறைத்துக்கொள்ளுங்கள். 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. அதில் தேர்வு ஆண்டுக்கு விலக்கு இல்லை. உங்களுக்குக் கிடைத்திருப்பதோ, தடுப்பு நீங்கலாக ஒருவரே பந்தை அடுத்தடுத்து இருமுறை தொடக் கூடாது என்று விதியுள்ள ஆட்டம். எவ்வளவு திறமை இருந்தாலும் அடுத்தவர் கைக்குப் பந்தைப் பதமாகக் கொடுத்தே ஆகவேண்டும் என்ற அந்தப் பழக்கத்தைப் பாடப் புத்தகம் தராது. நேரம் போதவில்லை என்றால், திரையில் பிறர் ஆடுவதைப் பார்க்கும் நேரத்தை வெட்டுங்கள், உறக்கத்தை வெட்டாதீர்கள். உங்கள் வயதில் எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் தேவை.

கேள்வி: செய்திகளைப் பார்த்தாலே மனம் சோர்ந்துவிடுகிறது. போரும் வெறுப்பும்தான் கண்ணில் படுகின்றன. எது உண்மை, எது பொய் என்றும் தெரியவில்லை. பார்ப்பதையே விட்டுவிடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் நான் நெடுநேரம் யோசித்தது இந்தக் கேள்வியைப் பற்றித்தான். இன்னும் சிறிது காலத்தில் வாக்களிக்கப் போகிற ஒருவர் செய்தியை முற்றிலும் துறந்துவிட்டால், அந்த இடத்தை வதந்தி பிடித்துக்கொள்ளும். ஆனால் சோர்வு என்று நீங்கள் சொல்வதும் உண்மையே. அதற்குக் காரணம் உங்கள் மனத்தின் பலவீனம் அன்று, செய்தி உங்களை வந்தடையும் வழி.

ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளை ஆராய்ந்து, மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மூவர் 2018இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 1,500 பேரைச் சென்றடைய, பொய்ச் செய்தியைவிட உண்மைச் செய்திக்கு ஏறக்குறைய ஆறு மடங்கு நேரம் பிடித்தது. இதற்குத் தானியங்கிக் கணக்குகளே காரணம் என்று நினைப்போம். அவற்றை நீக்கிவிட்டுப் பார்த்தபோதும் முடிவு மாறவில்லை. பொய் புதுமையாக இருக்கிறது, வியப்பையும் அருவருப்பையும் கிளப்புகிறது, மனிதர்கள் அதை அனுப்பிவிடுகிறார்கள். ஆகவே ஒரு செய்தியைப் படித்ததும் ‘இதை உடனே நாலு பேருக்குச் சொல்ல வேண்டும்’ என்று கை பரபரத்தால், அந்த இடத்தில்தான் நிற்க வேண்டும்.

நின்று என்ன செய்வது? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வரலாற்றுப் பேராசிரியர்கள் பத்துப் பேர், செய்திச் சரிபார்ப்பாளர்கள் பத்துப் பேர், மாணவர்கள் 25 பேர் ஆகியோரிடம் அறிமுகமற்ற இணையதளங்களைக் கொடுத்து, அவை நம்பத் தகுந்தவையா என்று கேட்டார்கள். பேராசிரியர்களிலும் மாணவர்களிலும் பலர் அந்தப் பக்கத்திலேயே இருந்து, வடிவமைப்பையும் சின்னத்தையும் சான்றுப் பட்டியலையும் ஊன்றிப் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ சில நொடிகளில் அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, புதிய பக்கங்களைத் திறந்து, இதை நடத்துபவர்கள் யார், மற்றவர்கள் இவர்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். இதை நீங்களும் செய்ய முடியும். வெள்ளத்தில் மூழ்கிய ஊரின் படம் ஒன்று ‘இன்று காலை எடுத்தது’ என்ற குறிப்புடன் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதற்கு முன், அதைப் படத்தேடலில் இட்டு, முதன்முதலில் எப்போது வெளிவந்தது என்று பாருங்கள். பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு நாட்டில் எடுத்த படமாக அது இருப்பது அடிக்கடி நிகழ்வதுதான்.

சோர்வுக்கு வருகிறேன். அன்றன்று வெடிப்பதே செய்தியாகிறது. மெல்ல மெல்லச் சரியாவது தலைப்புக்கு வருவதில்லை. அண்டார்க்டிகாவுக்கு மேலே ஓசோன் படலத்தில் பெரும் இழப்பு ஏற்பட்டிருப்பதைப் பிரிட்டன் அறிவியலாளர்கள் 1985இல் அறிவித்தபோது உலகமே பேசியது. 1987இல் மாண்ட்ரீல் உடன்பாடு கையெழுத்தாயிற்று. கேடு விளைவித்த வேதிப்பொருள்களை நாடுகள் படிப்படியாகக் கைவிட்டன. இதே போக்கு நீடித்தால் உலகின் பெரும்பகுதியில் 2040 வாக்கிலும், அண்டார்க்டிகாவில் 2066 வாக்கிலும் படலம் 1980ஆம் ஆண்டின் நிலைக்குத் திரும்பும் என்று ஐக்கிய நாடுகள் அமைப்பின் ஆதரவோடு 2023இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. உங்கள் தலைமுறை கண்ணால் காணப்போகும் இந்த நற்செய்தி எத்தனை பேர் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது? அதனால், நாளுக்கு ஒரு வேளை மட்டும் செய்திக்கென ஒதுக்குங்கள். அறிவிப்பு ஒலிகளை அணைத்துவிடுங்கள். உங்களுக்கு அக்கறையுள்ள ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, அதன் முன்கதையையும் பின்தொடர்ச்சியையும் மாதக்கணக்கில் படியுங்கள்.

கேள்வி: கல்லூரி விண்ணப்பத்தில் எழுதலாம் என்பதற்காகவே தொண்டு செய்யத் தொடங்கினேன். இது போலித்தனம் என்று உறுத்துகிறது.

பதில்: உறுத்துவது நல்லது. ஆனால் நோக்கம் தூய்மையாகும்வரை காத்திருந்தால் யாரும் எந்த நற்செயலையும் தொடங்க முடியாது. உதவி பெறுபவருக்கு உங்கள் உள்நோக்கத்தைவிட, நீங்கள் சொன்ன நேரத்துக்கு வருவதும் வேலையை ஒழுங்காகச் செய்வதும் முக்கியம். 2010 ஜனவரி 12 அன்று ஹெய்ட்டியில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, தலைநகரின் விரிவான வரைபடம் எளிதில் கிடைக்கவில்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத் திட்டத்தின் தன்னார்வலர்கள் பல நாடுகளில் அவரவர் மேசையில் அமர்ந்து, செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துத் தெருத் தெருவாக வரைந்தார்கள். மீட்புக் குழுவினர் அந்த வரைபடத்தைத் தங்கள் கருவிகளில் ஏற்றிக்கொண்டு சென்றார்கள். வரைந்தவர்களில் யார் எதற்காக வந்தார்கள் என்று எவரும் கேட்கவில்லை.

உங்களால் உடனே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். பார்வையற்ற இளைய மாணவர் ஒருவருக்குப் பாடம் படித்துக் காட்டுங்கள். வரைபடம் வரும் இடத்தில்தான் அந்த வேலையின் அருமை புரியும். ‘கோடு மேலே போகிறது’ என்று சொன்னால் போதாது. கிடைமட்ட அச்சு எதைக் குறிக்கிறது, கோடு எங்கே தொடங்கி எங்கே வளைகிறது, எந்த இடத்தில் செங்குத்தாகிறது என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். உங்களுக்கே புரியாத வரைபடத்தை அப்படி விளக்க முடியாது. அவருக்காகத் தேர்வு எழுதிக்கொடுக்க நேர்ந்தால், அவர் சொல்வதை அப்படியே எழுத வேண்டும். விடை தவறு என்று தெரிந்தாலும் திருத்தக் கூடாது, முகம் சுளித்த குரலைக்கூடக் காட்டக் கூடாது. அது அவருடைய தேர்வு.

பொறுப்பேற்கும் முதல் நாளிலேயே, வாரத்தில் எத்தனை மணி நேரம் வர முடியும், உங்கள் தேர்வு மாதங்களில் எப்போது வர இயலாது என்பதைச் சொல்லிவிடுங்கள். அந்த இடைவெளியில் உங்கள் இடத்தை நிரப்பக்கூடிய தோழி ஒருவரை இரண்டு வாரம் முன்பே அழைத்துச் சென்று பழக்கிவிட்டால், அந்த மாணவரின் படிப்பு தடைபடாது.