மறு: படிக்காத பக்கவாத நோயாளிகளை ஆய்விலிருந்து நீக்கலாமா?

வணக்கம். பக்கவாதத்துக்குப் பிந்தைய அறிவாற்றல் குறைவு குறித்த உங்கள் முதுநிலைச் செவிலியர் ஆய்வில், பள்ளிக்கே செல்லாதவர்கள், அறிவாற்றலை அளக்கும் மோக்கா (MoCA) தேர்வில் மிகக் குறைந்த மதிப்பெண் பெறுவதால் அவர்களை நீக்கிவிடும்படி உங்கள் ஆய்வு வழிகாட்டி சொல்வதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து நீக்காதீர்கள். கல்வியும் வருமானமும் குறைந்தவர்களிடையே பக்கவாதம் அதிகம் என்று பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கும்போது, அவர்களை விலக்கிவிட்டு எழுதும் முடிவு, யாருக்குப் பராமரிப்பு மிகுதியாகத் தேவையோ அவர்களைப் பற்றி எதுவும் சொல்லாது.

குறை கருவியில் இருக்கிறது. 30 மதிப்பெண் கொண்ட மோக்காவில் கனசதுரத்தைப் பார்த்து வரைய வேண்டும். கடிகாரம் வரைந்து முட்களை 11 மணி 10 நிமிடத்தில் நிறுத்த வேண்டும். பேனாவே பிடித்திராத ஒருவர் அங்கே தடுமாறுவதை மூளைப் பாதிப்பு என்று எப்படிக் கொள்வது? 12 ஆண்டுகளோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்குக் கூட்டப்படும் 1 மதிப்பெண் இந்த இடைவெளியை நிரப்பாது.

படிப்பறிவு இல்லாதவர்களையும் கருதி உருவாக்கப்பட்ட மோக்கா-பேசிக் வடிவம், வரையச் சொல்வதற்குப் பதிலாக, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த உருவங்களை அடையாளம் காணச் சொல்கிறது. பன்மொழி மக்களுக்கென உருவான ரூடாஸ் (RUDAS) என்ற மற்றொரு அறிவாற்றல் தேர்விலும் கனசதுரம் வரைதல் உண்டு என்பதால், நான் மோக்கா-பேசிக்கையே தேர்ந்தெடுப்பேன். உங்கள் நோயாளிகளின் மொழியில் சரிபார்க்கப்பட்ட வடிவம் கிடைக்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்.

ஒப்புதலைப் பொறுத்தவரை, படிவத்தை முழுமையாக வாசித்துக் காட்டி, ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சியின் முன்னிலையில் கைரேகை பெறுவது ஏற்கப்பட்ட நடைமுறையே. அதை நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.