அப்டேட்டுக்கு அப்புறம் 2560×1440 ரெசல்யூஷன் காணோமா?

விண்டோஸ் அப்டேட் ஆனதும் 27 இன்ச் மானிட்டர் 1024×768-லயே நிக்குதுன்னு கேட்டிருந்தீங்க. மானிட்டர் மேல பழி போடாதீங்க. டிவைஸ் மேனேஜர்ல டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் திறங்க. 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்'னு இருந்தா கிராஃபிக்ஸ் டிரைவர் (கிராஃபிக்ஸ் கார்டை இயக்கற மென்பொருள்) போயிடுச்சுன்னு அர்த்தம். இன்டெல், ஏஎம்டி, என்விடியா, உங்களது எதுவோ அந்தக் கம்பெனி தளத்துலேர்ந்தே டிரைவரை இறக்கிப் போட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. பெரும்பாலும் இதோட சரியாயிடும்.

அங்க கிராஃபிக்ஸ் கார்டு பேர் சரியா இருந்தும் 1920×1080 தாண்டலைன்னா, மானிட்டர் பவர் ஒயரைப் பிடுங்கி ஒரு நிமிஷம் விட்டுச் செருகுங்க. மானிட்டர் தன் அளவுகளைச் சொல்ற இடிஐடி தகவலை கார்டு மறுபடி படிக்கும். நடுவுல டிவிஐ (பழைய வகை மானிட்டர் இணைப்பு) கன்வெர்ட்டர் இருக்கான்னும் பாருங்க. சிங்கிள் லிங்க் டிவிஐ 60 ஹெர்ட்ஸ்ல 1920×1200-ஐத் தாண்டாது. கம்ப்யூட்டர், மானிட்டர் ரெண்டு பக்கமும் டிஸ்ப்ளேபோர்ட் சொருகற இடம் இருந்தா, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல டிஸ்ப்ளேபோர்ட் கேபிள்னே கேட்டு வாங்குங்க. அட்டையில '4கே'ன்னு அச்சடிச்சிருக்கறதை மட்டும் நம்பாதீங்க.