கோட்டையை மூன்று முறை சுற்றியும் ஒன்றும் புரியவில்லை!

கேள்வி: வேலூர்க் கோட்டைக்கு மூன்று முறை போய்விட்டேன். போன் நிறையப் படம் இருக்கிறது. எது எந்தக் காலத்துக் கட்டுமானம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. புத்தகத்தைத் திறந்தால் வம்சப் பெயர்களே மலைக்க வைக்கின்றன. கட்டடத்தைப் பார்த்தே கற்றுக்கொள்ள முடியுமா?
- வாசகி, சத்துவாச்சாரி

பதில்: முடியும், சகோதரி. எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க நினைப்பதுதான் குழப்பம். ஒரே ஓர் உறுப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: தூணின் தலையில் உட்கார்ந்து உத்தரத்தைத் தாங்கும் போதிகை. கைக்கு எட்டாத உயரத்தில் இருப்பதால் அதிகம் தேயாது. காலத்துக்குக் காலம் வடிவமும் தெளிவாக மாறியிருக்கிறது. அந்த மாற்றம் முழுவதையும் நம் வட ஆற்காட்டுக்குள்ளேயே பார்த்துவிடலாம்.

முதலில் மகேந்திரவாடி. 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் தனிப்பாறை ஒன்றைக் குடைந்து எடுத்த திருமால் கோயில். தூண் கீழும் மேலும் சதுரம், நடுவில் எண்பட்டை. அலங்காரம் மிகக் குறைவு. பல்லவர் போதிகை பொதுவாக வளைந்திருக்கும். அலைபோல வரி ஓடினால் அது தரங்கப் போதிகை.

அடுத்தது பொன்னையாற்றங்கரையில் மேல்பாடி. முதலாம் ராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு எடுத்த பள்ளிப்படை, அதாவது இறந்த அரசனின் நினைவாக எழுப்பிய கோயில், அங்கே இருக்கிறது. சோழர் போதிகையில் வளைவு போய்விடும். இருபுறமும் சரிவாகச் சீவி, நடுவில் ஒரு துண்டு முன்னே நீட்டியிருக்கும். வெட்டுப் போதிகை என்பார்கள்.

இவ்விரண்டையும் பார்த்த பிறகு கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு வாருங்கள். ராஜகோபுரம் தாண்டியதும் இடக்கைப் பக்கம் கல்யாண மண்டபம். யாளியிலும் குதிரை வீரனிலும் கண் போகத்தான் செய்யும், போகட்டும். பிறகு தூணின் தலையைப் பாருங்கள்: போதிகையின் முனை வளைந்து இறங்கி, வாழைப்பூ மாதிரி ஒரு மொட்டில் முடியும். விஜயநகரக் காலத்தின் கையெழுத்தே அதுதான். மண்டபத்து நடுக்கூரையையும் விட்டுவிடாதீர்கள். நடுப்பூவைச் சுற்றிக் கிளிகள் தலைகீழாகத் தொங்குகின்றன. டார்ச்சை நேராக அடித்தால் எல்லாம் தட்டையாகத் தெரியும். பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள், நிழல் விழுந்து ஒவ்வோர் உளிவெட்டும் எழுந்து நிற்கும். கல்வெட்டு படிக்கவும் இதே முறைதான். எழுத்து தெரியவேண்டும் என்று மாவோ சுண்ணாம்போ தடவவே கூடாது. கல்லின் நுண்துளைகளில் புகுந்தால் முழுதாக எடுக்க முடியாது.

படம் எடுப்பதற்கு முன் வரையுங்கள். ஒரு போதிகைக்குப் பத்து நிமிடம் போதும். கோடு சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. எங்கே வளைகிறது, எங்கே சீவியிருக்கிறது என்று கை போன இடம் மனதில் நிற்கும். பக்கத்திலேயே கோயில், மண்டபம், எத்தனையாவது தூண் என்று குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்ததும் எல்லாத் தூணும் ஒன்றாகிவிடும்.

தப்பு நடக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரே கோயிலில் இரண்டு மூன்று வகைப் போதிகை இருக்கலாம். கருவறை பழையது, முன்மண்டபம் பிற்காலத்தில் சேர்த்தது என்பதற்கு அதுதான் தடயம். ஒரு தூணை மட்டும் பார்த்து முழுக் கோயிலுக்கும் வயது சொல்லாதீர்கள். சுவரில் கல்வெட்டு வரி பாதியில் அறுந்து, அடுத்த கல்லில் தொடராமல் இருந்தால், வேறிடத்துக் கல்லைக் கொண்டுவந்து கட்டியிருக்கலாம். மணல் வீச்சில் சுத்தம் செய்த தூணில் உளித்தடமே மழுங்கியிருக்கும். அங்கே மொத்த வடிவத்தை மட்டும் நம்புங்கள்.

கோட்டைச் சுவரை ஒரு காலைப்பொழுதில் தனியாகப் பாருங்கள். கிழக்கு வாசல் பக்கம் இளவெயில் சாய்வாக விழும்போது, கீழே கருங்கல் அடுக்கும் மேலே செங்கல், சுண்ணாம்புக் கட்டுமானமும் பிரிந்து தெரியும். உள்ளே 1846-இல் கட்டிய புனித யோவான் தேவாலயமும் இருக்கிறது. கோயில் மண்டபத்திலிருந்து சில நிமிட நடை. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்து, கூரையின் பாரத்தை எது தாங்குகிறது, தூணா சுவரா என்று நோட்டில் எழுதுங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் கோயிலை முதலில் முடித்துக்கொள்ளுங்கள்.