பலூன் வெடிக்கும், மனிதர் எப்படி வெடிப்பார்?

கேள்வி: அலுவலகத்தில் நடந்த ஒரு பிரிவு உபசார விழாவைப் பற்றி ஆங்கிலத்தில் நாலு வரி எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன். அதில் ஒரு வரி, 'ஷீ பர்ஸ்டட் இன்டு கிரையிங்'. மேலாளர் அதைச் சிவப்பில் சுழித்துத் திருப்பி அனுப்பினார். என்ன தப்பு என்று சொல்லவில்லை. பணம் கட்டிப் படிக்கும் ஆன்லைன் வகுப்பில் கேட்டால், 'பஸ்டட் என்று போடுங்கள்' என்கிறார்கள். கூடவே பர்ஸ்ட் வரும் 40 மரபுத்தொடர்களை மனப்பாடம் செய்யச் சொல்லி ஒரு பிடிஎஃப் வேறு. பலூன் வெடிப்பது புரிகிறது, டயர் வெடிப்பது புரிகிறது. மனிதர் எப்படி வெடிப்பார்? அந்த 40-ஐயும் படிக்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். அந்த பிடிஎஃப்பை மூடி வையுங்கள்.

உங்கள் வரியில் இரண்டு தவறுகள். பர்ஸ்ட்டுக்கு இறந்த காலத்தில் 'எட்' சேராது. 'இன்டு'வுக்குப் பின்னால் கிரையிங் வராது. 'ஷீ பர்ஸ்ட் இன்டு டியர்ஸ்' அல்லது 'ஷீ பர்ஸ்ட் அவுட் கிரையிங்', இரண்டில் எதைப் போட்டாலும் சரி. வகுப்பில் சொன்ன 'பஸ்டட்' மூன்றாவது தவறு. அதற்குத் தனியாக வருகிறேன், அது கொஞ்சம் பெரிய கதை.

ஆரம்பிக்கும் முன் ஒரு எச்சரிக்கை. தமிழில் எழுதினால் இந்தச் சொல்லும், முதலாவது என்று பொருள்படும் ஃபர்ஸ்ட்டும் ஒன்றுபோலத் தெரியும். இங்கே வருவது பலூனில் வரும் 'ப'.

பலூனில் என்ன நடக்கிறது? உள்ளே காற்று ஏறுகிறது, ரப்பர் அதை அடக்கி வைத்திருக்கிறது, ஒரு கட்டத்தில் ரப்பர் தாங்காமல் விட்டுவிடுகிறது. உள்ளே பெருகும் ஒன்று, அதை அடக்கும் ஒரு சுவர், சுவர் தோற்கும் ஒரு நொடி. இந்த மூன்றும் இருந்தால் பர்ஸ்ட். குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் தண்ணீர்க் குழாய்கள் பர்ஸ்ட் ஆவது வழக்கமான செய்தி. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது, குழாயால் அதைத் தாங்க முடிவதில்லை. சீழ் கோத்த கட்டியும் அப்படித்தான், அணையும் அப்படித்தான். ஆறு கரையை உடைத்துக்கொண்டு பாய்ந்தால் 'த ரிவர் பர்ஸ்ட் இட்ஸ் பேங்க்ஸ்'. கைதவறி விழுந்த கண்ணாடி டம்ளருக்கு உள்ளே ஒன்றும் பெருகவில்லை, அதனால் அது வெறும் பிரேக்.

நம்மைக் கெடுப்பது பள்ளிக்கூட அகராதிப் பழக்கம். பர்ஸ்ட் என்றால் வெடி என்று ஒரு சமன்பாட்டை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் நம் வெடி வேறு ஒரு குடும்பம். எரிமலை வெடித்தது, அது இரப்ட். போர் வெடித்தது, அது பிரேக் அவுட். உதடு வெடித்திருக்கிறது, வறண்ட நிலம் வெடித்திருக்கிறது, இரண்டும் கிராக். வெடிகுண்டு வெடித்தால் எக்ஸ்ப்ளோட் அல்லது கோ ஆஃப். (பீரங்கிக் குண்டுக்குப் படைத்துறையில் பர்ஸ்ட் சொல்வதுண்டு, அதை விடுங்கள்.) அந்தப் பக்கம் பார்த்தால், பர்ஸ்ட் வர வேண்டிய பாதி இடத்தில் தமிழ் 'உடைந்தது' என்கிறது: அணை உடைந்தது, குழாய் உடைந்தது, கட்டி உடைந்தது, நீர்க்குமிழி உடைந்தது. ஆக, வெடி என்று மனப்பாடம் செய்தவருக்கு இரண்டு பக்கமும் இடி. இதைச் சொல்லித்தராமல், 'பர்ஸ்ட்டின் மூன்று வடிவங்களை எழுதுக' என்று ஒரு மதிப்பெண் கேள்வி கேட்டுவிட்டுப் போகும் தேர்வு முறையை என்னவென்று சொல்வது! எழுதுகிற பிள்ளைக்கு ஒரு மதிப்பெண் கிடைக்கும், ஒரு வாக்கியம் கிடைக்காது.

சரி, மனிதருக்கு வருவோம். சிரிப்பை அடக்கிக்கொண்டு இருந்தேன், துக்கம் தொண்டையை அடைத்தது, அழுகை பீறிட்டது என்று நாமும்தானே சொல்கிறோம்? உள்ளே பெருகுவது உணர்ச்சி, சுவர் நம் கட்டுப்பாடு. பலூன் கதையேதான். இதில் ஆங்கிலத்துக்கு என்று தனி அதிசயம் ஒன்றும் இல்லை.

வேறுபாடு எங்கே என்றால், அந்தத் திடீர்த்தன்மையை எந்தச் சொல்லில் வைக்கிறோம் என்பதில். தமிழ் அதை ஒலிக்குறிப்பில் வைக்கும், ஆங்கிலம் வினைச்சொல்லிலேயே வைத்துவிடும். குபீரென்று சிரித்தான், 'ஹி பர்ஸ்ட் அவுட் லாஃபிங்'. ஓவென்று அழுதாள், 'ஷீ பர்ஸ்ட் இன்டு டியர்ஸ்'. குப்பென்று தீப்பிடித்தது, 'இட் பர்ஸ்ட் இன்டு ஃப்ளேம்ஸ்'. படாரென்று கதவு திறந்தது, 'த டோர் பர்ஸ்ட் ஓபன்'. திடுதிப்பென்று அறைக்குள் நுழைந்தான், 'ஹி பர்ஸ்ட் இன்டு த ரூம்'. உங்கள் மனதில் ஓடும் தமிழ் வாக்கியத்தில் ஒரு குபீரோ படாரோ இருந்தால், ஆங்கிலத்தில் பர்ஸ்ட் பொருந்துமா என்று பாருங்கள். பல இடத்தில் பொருந்தும். அந்த 40 வரிப் பட்டியலில் பாதி இந்த ஒரு பழக்கத்தில் அடங்கிவிடும்.

ஆனால் எல்லா ஒலிக்குறிப்புக்கும் அல்ல. இங்கேதான் உங்கள் வரியைப் பற்றி ஒரு சந்தேகம். அந்த அம்மா அன்று உண்மையில் எப்படி அழுதார்? ஓவென்று, நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி அழுதாரா? அப்படியானால் பர்ஸ்ட் இன்டு டியர்ஸ் சரி. பேசிக்கொண்டே இருந்தவருக்குக் குரல் கம்மி, கண் கலங்கி, பொலபொலவென்று கண்ணீர் உதிர்ந்ததா? அதற்கு பர்ஸ்ட் கூடாது. சத்தமில்லாமல் வழிகிற கண்ணீரில் சுவர் உடையவில்லை, கசிகிறது. 'டியர்ஸ் கேம் டு ஹர் ஐஸ்' போதும். விடைபெறும் ஒருவர் குலுங்கிக் குலுங்கி அழுததாக அலுவலகம் முழுக்கச் சுற்றுக்கு விட்டால், அவருக்கே சங்கடமாக இருக்கும். மேலாளர் சுழித்தது இலக்கணத்துக்காக மட்டும்தானா என்று எனக்குத் தெரியாது.

இப்போது இன்டுவும் அவுட்டும். இன்டுவுக்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல் வரும்: டியர்ஸ், லாஃப்டர், சாங், அப்ளாஸ், ஃப்ளேம்ஸ். அவுட்டுக்குப் பின்னால் 'இங்' வரும், அதுவும் பெரும்பாலும் லாஃபிங், கிரையிங் இரண்டுதான். நீங்கள் இரண்டையும் கலந்துவிட்டீர்கள், எல்லோரும் கலக்கும் இடம் இது. டியர்ஸில் 'ஸ்' விடக் கூடாது, ஒரு சொட்டுக் கண்ணீருக்காக யாரும் பர்ஸ்ட் ஆவதில்லை. 'இன்டு லாஃப்' கிடையாது, இன்டு லாஃப்டர்.

காலம் பற்றிக் கவலையே வேண்டாம். கட், புட், ஹிட், ஷட் போல இதுவும் மூன்று காலத்திலும் ஒரே சொல். 'ஹி பர்ஸ்ட்' என்று 'ஸ்' இல்லாமல் நின்றால் அது இறந்த காலம், 'ஹி பர்ஸ்ட்ஸ்' என்றால் நிகழ்காலம். வெடித்த குழாய் 'பர்ஸ்ட் பைப்', பர்ஸ்டட் பைப் அல்ல. பழைய ஆங்கிலத்தில் இது பெர்ஸ்டன் என்ற வினை, காலத்துக்கு ஒரு உயிரெழுத்தாக மாறிக்கொண்டிருந்தது. பிறகு அதெல்லாம் தேய்ந்து ஒன்றாகிவிட்டது. நமக்கு லாபம்.

அந்த 'பஸ்டட்'. இதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வகுப்பாசிரியர் போகிறபோக்கில் சொன்னது பலரும் நம்பும் பொய். பஸ்ட் என்பது பர்ஸ்ட்டின் பிள்ளைதான், மறுக்கவில்லை. அமெரிக்கப் பேச்சு வழக்கில் நடுவில் இருந்த 'ர்' விழுந்து பிறந்த சொல். திட்டுவதற்கான கர்ஸ் என்ற சொல் கஸ் ஆனது இதே வழியில். ஆனால் பிள்ளை வீட்டை விட்டுப் போய்த் தனிக்குடித்தனம் வைத்துவிட்டது. இன்று பஸ்ட் என்றால் உடைத்துப் பழுதாக்கு, கையும் களவுமாகப் பிடி, போலீஸ் சோதனை போட்டுப் பிடி. நிறுவனம் திவாலானால் 'கோ பஸ்ட்'. இரண்டாம் உலகப் போரில் ஒரு கட்டடத் தொகுதியையே தகர்க்கும் பெருங்குண்டுகளுக்கு பிளாக்பஸ்டர் என்று பெயர் வைத்தார்கள், அது பிறகு வசூலை அள்ளும் படத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. பஸ்ட்டுக்கு 'எட்' சேரும், பஸ்டட் உண்டு. பர்ஸ்ட்டுக்குச் சேராது. பர்ஸ்ட்டின் இறந்த காலம் பஸ்டட் என்பது, பிள்ளையின் சட்டையை அப்பாவுக்குப் போட்டுவிடுவது போல. 'ஷீ பஸ்ட் அவுட் லாஃபிங்' என்று பேச்சில் காதில் விழும், படத்தில் வரும், அமெரிக்கர் சொல்வார். சொல்லட்டும். 'பஸ்டட் அவுட் லாஃபிங்' என்றும் சொல்வார்கள், அதுவும் பேச்சோடு சரி. அலுவலக மின்னஞ்சலில் நீங்கள் அதைப் போட்டால், பேச்சு வழக்கு தெரிந்து எழுதினார் என்று யாரும் நினைக்கப் போவதில்லை, எழுத்துப்பிழை என்றுதான் நினைப்பார்கள். இன்னொன்று: மார்பளவுச் சிலைக்கும் ஆங்கிலத்தில் பஸ்ட் என்றுதான் பெயர். அந்தச் சொல்லுக்கும் இதற்கும் உறவே இல்லை. உங்கள் பிடிஎஃப்பில் இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டிருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

பர்ஸ்டிங் என்று வரும்போது ஒரு குழி உண்டு. 'பர்ஸ்டிங் வித் ப்ரைட்', பெருமையில் பூரித்துப் போவது. எனர்ஜி, ஐடியாஸ், ஜாய் எல்லாம் வித்தோடு சேரும். கூட்டம் தாங்காமல் பிதுங்கும் இடம் 'பர்ஸ்டிங் அட் த சீம்ஸ்', தையல் விட்டுப்போகிற அளவு. ஒரு செய்தியைச் சொல்லத் துடிப்பவர் 'பர்ஸ்டிங் டு டெல்'. ஆனால் பின்னால் எதுவும் சேர்க்காமல் வெறுமனே 'ஐ ஆம் பர்ஸ்டிங்' என்று நிறுத்தினால், பிரிட்டன்காரர் காதில் அது 'அவசரமாகக் கழிப்பறைக்குப் போக வேண்டும்' என்று விழும். என்னிடம் படித்த ஒருவர் வெளிநாட்டுக் கூட்டம் ஒன்றில், உற்சாகமாக இருக்கிறேன் என்று காட்ட இப்படிச் சொல்லியிருக்கிறார். பேச்சை நிறுத்தி மரியாதையாக வழி காட்டினார்களாம்.

கோபத்துக்கு பர்ஸ்ட் தேட வேண்டாம். கோபத்தில் வெடித்தார் என்பதற்கு 'ஹி எக்ஸ்ப்ளோடட்' என்றே சொல்லலாம். பெயர்ச்சொல்லாக வேண்டும் என்றால் அவுட்பர்ஸ்ட். அது பெரும்பாலும் கோபத்துக்குத்தான், சிரிப்புக்கும் கைதட்டலுக்கும் 'எ பர்ஸ்ட் ஆஃப்' போட்டுக்கொள்ளுங்கள்.

குமிழி உடைவதைப் பொருளாதாரச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். லண்டனில் 1720-ல் சவுத் ஸீ நிறுவனத்தின் பங்கு ஏறு ஏறு என்று ஏறி விழுந்ததற்கு சவுத் ஸீ பபிள் என்றே பெயர். 2000-ல் இணைய நிறுவனப் பங்குகள் சரிந்தபோதும் 'த பபிள் பர்ஸ்ட்' என்றுதான் எழுதினார்கள். உள்ளே காற்று, வெளியே மெல்லிய தோல், வேறென்ன? இதில் எனக்குப் பிடித்தது, அந்தக் காலத்து ஆங்கிலத்தில் பபிள் என்பதை வினையாகப் போட்டால் ஏமாற்று என்று பொருள்.

அதனால் ஏமாற்றுபவர்கள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். '30 நாளில் சரளம்', '500 மரபுத்தொடர்', 'இந்தத் தொடர்களைக் கட்டுரையில் நுழைத்தால் மதிப்பெண் உறுதி' என்று விற்பவர்களிடம் மாட்டிக்கொண்டு வந்தவர்களின் கட்டுரைகளை ஆண்டுக்கணக்கில் திருத்தியிருக்கிறேன். சுற்றுச்சூழல் பற்றிய கட்டுரையில் காரணமே இல்லாமல் ஒருவர் பர்ஸ்ட் இன்டு டியர்ஸ் செய்வார். அடுத்த தாளிலும் அதே ஆள் அதே இடத்தில் அழுவார். ஒரே பட்டியலில் இருந்து வந்தது என்பது திருத்துகிறவருக்கு இரண்டாவது தாளிலேயே தெரிந்துவிடும். பட்டியல் விற்றவருக்கு அதைப் பற்றி என்ன கவலை? அவர் வாங்கியது அப்போதே வாங்கியாகிவிட்டது. சான்றிதழ் தருகிறேன் என்பவரும் இதே ரகம். தாளில் முத்திரை இருக்கும், எந்த அலுவலகம் அதை மதிக்கும் என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்.

கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்ட், லாங்மன் ஆகியவற்றின் கற்போர் அகராதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பர்ஸ்ட் என்று போட்டால் பொருளோடு உதாரண வாக்கியங்களும் வரும். பொருளை விட்டுவிட்டு அந்த வாக்கியங்களை மட்டும் படியுங்கள். ஒவ்வொன்றிலும் உள்ளே என்ன பெருகியது, எது தாங்கவில்லை என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறதா பாருங்கள். பத்து வாக்கியம் அப்படிப் பார்த்தால் பதினோராவதை நீங்களே எழுதலாம்.

வகுப்பில் பஸ்டட் சொன்னவரிடம், 'கட்' என்ற சொல்லின் இறந்த காலம் 'கட்டட்' என்று ஏன் வரவில்லை என்று கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள்.