மாவில் கை வைக்காதீர்கள்

கேள்வி: காரைக்குடியில் பலகாரக் கடை வைத்திருக்கிறேன். வேலைக்கு ஆறு பேர். ஆனாலும் மாவு பிசைவதிலிருந்து பில் போடுவது வரை நான்தான். நிர்வாகம் படிக்கட்டுமா? – ஒரு வாசகி

பதில்: படியுங்கள், தவறில்லை. திட்டமிடல், ஒழுங்கமைத்தல், ஆணையிடல், ஒருங்கிணைத்தல், கட்டுப்படுத்தல் என நிர்வாகப் பணியை ஐந்தாக்கி 1916-இல் எழுதினார் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபயோல். அதில் முறுக்குச் சுற்றுவது இல்லை, ஆச்சி!

எங்கள் ஐயா பர்மாக் கடையில் எடுபிடியான பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, மேலாளுக்கு அடுத்த நிலையான அடுத்தாளாகி, கடையையே நடத்தும் மேலாளானவர். முதலாளி தேவகோட்டையை விட்டு நகரவில்லை; கடிதமும், சொத்தும் கடனும் காட்டும் ஐந்தொகைக் கணக்கும்தான் அவருக்குக் கண்.

மூத்த பணியாளிடம் எண்ணெய் வாங்கும் பொறுப்பைப் பணத்தோடு விடுங்கள். இரவில் டின், இருப்பு, கல்லா மூன்றையும் பேரேட்டோடு ஒத்துப் பாருங்கள். முதல் வாரம் கைமுறுக்கு கோணலாகத்தான் வரும், பார்க்காததுபோல் இருந்துவிடுங்கள்.