ஆயிரம் பீடியும் நீர் மாத்திரையும்

அன்புள்ள ஐயா,

நான் எம்.பி.பி.எஸ். முடித்து, டி.என்.பி. பேமிலி மெடிசின் என்கிற குடும்ப மருத்துவ மேற்படிப்பில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் பிரஷர் மாத்திரையை ஏன் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள் என்பதுதான் என் தீசிஸ். ஒரு அம்மா சொன்னார்: “அந்த மாத்திரய முழுங்குனா மணிக்கொருதரம் ஒண்ணுக்கு வருதும்மா. எந்திரிச்சு எந்திரிச்சுப் போனா ஆயிரம் எப்ப முடிய?”

மருத்துவமனை ஆண்டு விழாவில் இதைப் படித்தேன். இதயப் பிரிவு மாணவருக்குப் பதக்கம் கிடைத்தது. என்னிடம் ஒரு மூத்த டாக்டர், “இது ஊர்க்கதைம்மா, ரிசர்ச் இல்ல” என்றார். கட்டுரையாக அனுப்பினால் என் பெயர் மூன்றாவதாக வருமாம். மனசு விட்டுப்போச்சு. நாங்கள் செய்வது ஆராய்ச்சிதானா?

வாசகி,
பாளையங்கோட்டை

அன்புள்ள டாக்டர்,

ஆராய்ச்சிதான். அந்த அம்மா சொன்னதைப் படித்ததும் என் அத்தை ஞாபகம் வந்துவிட்டது. மடியில் பீடித்தட்டு, பக்கத்தில் ஈரத்துணியில் சுற்றிய இலை, விரல் நுனியெல்லாம் தூள். கடைக்குப் பீடி கொடுக்கிற நாளில் உச்சிவரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டாள். குடித்தால் எழுந்திருக்கணுமே. நீர்க்கடுப்பு வந்தால் “சூடு” என்று மோரில் வெந்தயத்தைப் போட்டுக் குடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்துவிடுவாள். ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்று அவளை எந்த டாக்டரும் கேட்டதில்லை. நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். “சொன்னா கேக்கமாட்டாங்க” என்று சீட்டில் எழுதி மூடிவிடுகிற இடத்தில், ஆயிரத்துக்கு இவ்வளவு என்கிற கூலிக்கணக்கு நோயாளியின் மாத்திரையை நிறுத்துகிறது என்று கண்டிருக்கிறீர்கள். பிரஷருக்கு நீர் மாத்திரை ஒன்றுதான் வழி என்றில்லையே. இனி அந்த அம்மாவுக்கு எதை, எந்த நேரத்தில் எழுதுவது என்று யோசிக்கலாம்.

1961-ல் கெர் ஒயிட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு கணக்குப் போட்டார்கள். பெரியவர்கள் 1000 பேரை எடுத்துக்கொண்டால், ஒரு மாதத்தில் 750 பேருக்கு ஏதாவது உடம்புக்கு முடியாமல் போகிறது. அதில் 250 பேர் டாக்டரிடம் போகிறார்கள். மருத்துவமனையில் சேர்கிறவர்கள் 9 பேர். பல்கலைக்கழக மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறவர் ஒரே ஒருவர். அந்த ஒருவரை வைத்துத்தான் நம் மருத்துவப் படிப்பே நடக்கிறது. மிச்சப் பேரின் பாடு யாருக்குத் தெரியும்? “தடுமன்”, “கிறக்கமா வருது” என்று அவர்கள் வந்து நிற்பது உங்களைப் போன்றவர்கள் முன்னால்தான்.

இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் கிராமப் பள்ளத்தாக்கு ஒன்றில் வைத்தியம் பார்த்தவர் வில்லியம் பிக்கிள்ஸ். 1929-ல் அங்கே மஞ்சள் காமாலை பரவியது. யார் எந்த நாளில் படுத்தார்கள், அதற்கு முன் யாரோடு பழகினார்கள் என்று ஊர் ஊராகக் குறித்துவைத்தார். தொற்றிய நாளுக்கும் நோய் தெரிகிற நாளுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு மாதம் ஓடுகிறது என்று அந்தக் குறிப்பேடு காட்டியது. பெரிய ஆஸ்பத்திரியில் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. அங்கே வருகிறவர் யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனார் என்று யாருக்குத் தெரியும்?

பெயர் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். வெயிலில் வீடு வீடாகப் போனது நீங்கள், எழுதியதும் நீங்கள். முதல் பெயர் உங்களுடையது. வழிகாட்டி உண்மையில் வழிகாட்டியிருந்தால் கடைசிப் பெயராக வருவது மருத்துவ உலகில் வழக்கம்தான், அதில் அவருக்குக் குறைச்சலில்லை. இதை மரியாதையாக, ஆனால் எழுத்தில் கேளுங்கள். கேட்கத் தயங்குவது நம் பக்கத்துப் பழக்கம். அதனாலேயே எத்தனையோ நல்ல தீசிஸ் பரீட்சை முடிந்ததும் அலமாரிக்குள் போய்விடுகிறது.

பதக்கம் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். என் ஆசை வேறு. உங்கள் தீசிஸைத் தமிழில் நாலு பக்கமாக எழுதி, முக்கூடலில் அந்தப் பெண்கள் முன்னால் வாசியுங்கள். தப்பாகப் புரிந்துகொண்ட இடத்தை அவர்களே திருத்துவார்கள். அந்த மூத்த டாக்டரையும் கூப்பிடுங்கள். பீடிக்கடைக்குப் போகாத நாளாகப் பார்த்து வைத்து, எனக்கு ஒரு வரி எழுதுங்கள். ஜங்ஷனிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறேன்.